ஹாரனில் கேட்ட பிள்ளையின் குரல்

இரண்டு மார்கழிகளுக்கு முன்பு, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், கம்பெனி பஸ்கள் ஆளேற்றும் ஒரு நிறுத்தத்தில் நடந்தது இது. அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவராக நீங்கள் இருந்தால், என் முகம் தெரியாவிட்டாலும் என் குரல் கட்டாயம் தெரிந்திருக்கும். வாரம் முழுக்க ஷிப்ட் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் நீங்கள் அசந்து தூங்கும் நேரம் பார்த்து, ஒரு பிரியாணி வாங்கினால் இன்னொன்று இலவசம் என்று கத்திக்கொண்டு ஓர் ஆட்டோ போகுமே, அதற்குள் உட்கார்ந்திருக்கும் பாவி நான்தான்.

சுங்குவார்சத்திரத்தில் சின்னதாக ஒரு மைக் செட் கடை வைத்திருக்கிறேன். ஓர் ஆட்டோ, அதன் தலையில் இரண்டு ஹாரன் ஸ்பீக்கர், உள்ளே ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக், அப்புறம் என் வாய். இவற்றில் ரிப்பேருக்கே போகாமல் இத்தனை வருடம் ஓடுவது கடைசியில் சொன்னது மட்டும்தான். கடை திறப்பு, காதுகுத்து, இரங்கல் அறிவிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே குரல். சோகத்துக்கு மட்டும் கொஞ்சம் எக்கோ கூட்டிக்கொள்வேன். மைக்கில் பேசினால் சிங்கம் உறுமுவதுபோல இருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். கரப்பான்பூச்சியைப் பார்த்துக் கட்டில்மேல் ஏறி நிற்கும் அதே சிங்கத்தை என் மனைவி ஒருத்திதான் பார்த்திருக்கிறாள்.

அந்த மார்கழியில் ஒரகடம் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்துக் கோயிலில் விடியற்காலைப் பாட்டுப் போடும் வேலை கிடைத்திருந்தது. பாட்டைப் போட்டுவிட்டு, பூசாரி கொடுக்கும் பொங்கலையும் விழுங்கிவிட்டு, வெளுக்கிற நேரத்துக்கு ஆட்டோவை எடுப்பேன். பனி என்றால் அப்படி ஒரு பனி. முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு மட்டும் சிவப்பாக மிதந்துகொண்டு போகும், லாரி தெரியாது. சாலையின் இரண்டு பக்கமும் கம்பெனிச் சுவர்கள். உள்ளே எரியும் விளக்குகளின் வெளிச்சம் சுவருக்கு மேலே பனியில் கரைந்து மஞ்சளாக நிற்கும். ஆள் அரவமே இருக்காது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கானவர்கள் விழித்திருக்கிறார்கள் என்பது தெரியும். அந்த நினைப்பே கொஞ்சம் ஒரு மாதிரியாக இருக்கும்.

அந்தச் சாலையில் அப்போது ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிறுத்தத்தில், விடிகிற நேரத்தில், செத்துப்போன பையன் யூனிஃபார்மோடு நிற்கிறான் என்று. வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினுக்குள் மாட்டி இறந்துபோன பையனாம். டீக்கடைக்காரர் கண்ணை உருட்டிக்கொண்டு சொன்னார்: "டிரைவருங்க அந்த ஸ்டாப்ல வண்டிய நிறுத்தறதே இல்லபா. உருட்டிக்கினே ஆளை ஏத்திக்கினு பூட்றானுங்க. சாம்பல் கலர் சட்டை போட்டுக்கினு நிக்கிதாம். மூஞ்சி மட்டும் இல்லியாம்."

நான் கடையே அதிரும்படி சிரித்தேன். சிரித்துவிட்டு, மறுநாளிலிருந்து சுற்றுவழியாக வீட்டுக்குப் போனேன்.

சுற்றுவழியில் குழாய் பதிக்க யாரோ பள்ளம் தோண்டிப் போட்டார்கள். வேறு வழியில்லாமல் ஒரு நாள் அந்தச் சாலையிலேயே வர வேண்டியதாயிற்று. நிறுத்தம் நெருங்க நெருங்க ஆக்சிலேட்டரை முறுக்கினேன். அப்போதுதான் பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் சாலையில் இறங்கி ஒரு கையைத் தூக்கியது. சாம்பல் நிறச் சட்டை. கழுத்துக்கு மேலே வெள்ளையாக ஏதோ இருந்தது. முகம் இல்லை.

ஆட்டோ தானாக அணைந்துவிட்டது. 'முருகா' என்று கத்துவதற்காக வாயைத் திறந்தேன். எலி மிதிபட்ட மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அதுகூடப் பரவாயில்லை. பயத்தில் தடுமாறிய என் கை ஆம்ப்ளிஃபயர் சுவிட்சைத் தட்டியிருக்கிறது. சிங்கக் குரலோன் போட்ட அந்த எலிச் சத்தம் இரண்டு ஹாரனிலும் புறப்பட்டு, கம்பெனிச் சுவரில் மோதி, எக்கோவோடு எனக்கே திரும்பி வந்தது.

"தம்பி, மைக்செட்டு ஆட்டோக்காரத் தம்பி நீங்கதானா?" என்று கேட்டது உருவம். பெண் குரல். தெற்கத்திப் பேச்சு.

கிட்டே வந்ததும்தான் தெரிந்தது. சேலைக்கு மேலே ஆண்பிள்ளையின் கம்பெனிச் சட்டையை மாட்டி, பனிக்காகத் தலையையும் முகத்தையும் வெள்ளைத் துண்டால் சுற்றியிருந்த ஓர் அம்மா. அவருக்குப் பின்னால் மங்கி குல்லா போட்ட ஒருவர், அவருடைய கணவர், நோட்டீஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"பயந்துட்டியளா?" என்றார் அந்த அம்மா.

"சேச்சே, மைக் டெஸ்ட் பண்ணேங்க்கா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கணவர் மட்டும் லேசாகச் சிரித்தார். அவர்தான் சொன்னார், செத்துப்போன பையன் அவர்களுடைய பிள்ளை என்று. அம்மா போட்டிருந்தது அவன் சட்டை.

அன்றைக்கே கடைக்கு வந்தார்கள். தென்காசிப் பக்கம் ஊர். அப்பாவுக்கு அங்கே சைக்கிள் பஞ்சர் கடை. அதைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பிள்ளை ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, பயிற்சி ஆள் என்று ஒரு காண்ட்ராக்ட்காரர் மூலமாக இங்கே சேர்ந்திருக்கிறான். அவன் இறந்தபின் உடலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனவர்கள், காரியம் முடிந்த கையோடு திரும்பி வந்து சுங்குவார்சத்திரத்தில் ஓர் அறை எடுத்துவிட்டார்கள். அம்மா, வேலைக்குப் போகும் பிள்ளைகள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் பரிமாறுகிறார். அப்பா மனுவோடு அலைகிறார். தொழிலாளர் அலுவலகம், கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் கூட்டம், சட்டமன்ற உறுப்பினர்களின் வீட்டு வாசல் என்று அவர் ஏறாத படி இல்லை. இதேபோல மெஷினில் பிள்ளையைப் பறிகொடுத்த வேறு சில பெற்றோரையும் தேடிப்பிடித்துச் சேர்த்திருந்தார். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைப் பிரஸ் மெஷினில் நிறுத்தக் கூடாது, மெஷினின் பாதுகாப்பை எடுத்துவிட்டு ஓட்டச் சொன்னால் சொன்னவர் ஜெயிலுக்குப் போக வேண்டும், இந்த இரண்டையும் சட்டத்தில் எழுதுங்கள் என்பதுதான் அவர்கள் எல்லாருடைய கோரிக்கையும்.

"அதுக்கு நான் இன்னாண்ணே பண்றது? நான் பிரியாணி விக்கிறவன்" என்றேன்.

அவர் என் ஆம்ப்ளிஃபயர் பெட்டிமேல் இரண்டு உள்ளங்கைகளையும் அகலமாக வைத்தார். பிரஸ் மெஷினுக்கு ரெண்டு பட்டன், தள்ளித் தள்ளி இருக்கும் என்றார். தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலேயிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டன்மேல் இருப்பதால் உள்ளே கை இருக்க வழியே இல்லை. கையைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு.

"ஆனா அது மெதுவாப் போவும்லா? அதனால ஒரு பட்டன அமுக்குனபடியே டேப்பு சுத்திக் கட்டிருவாவ. ஒரு கை பட்டனைத் தட்டும். இன்னொரு கை உள்ள போயிப் போயித் தகட்ட வைக்கும்." சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டினார். பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தக் கை சற்று நேரம் அந்தரத்திலேயே நின்றது.

பிள்ளை இறந்த அன்று மெஷினில் பட்டன் கட்டித்தான் இருந்திருக்கிறது. அதைக் கம்பெனியும் மறுக்கவில்லை. சீக்கிரம் வேலையை முடிப்பதற்காகப் பையனே கட்டிக்கொண்டான் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அரசாங்க விசாரணையின் கடைசி அமர்வு அடுத்த வாரம். அதற்குள் அந்த மெஷினை ஓட்டியவர்களில் ஒருவராவது வந்து, பட்டன் எப்போதும் கட்டித்தான் இருந்தது, மேலே இருப்பவர்கள்தான் கட்டச் சொன்னார்கள் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் பிள்ளையின் சாவுக்குப் பிள்ளைதான் காரணம் என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

"செத்தவன் எந்திச்சு வந்து இல்லன்னு சொல்லவா போறான்னு எழுதிட்டாவ, தம்பி."

ஆள் கிடைக்கவில்லை. இவர்கள் நோட்டீஸ் கொடுத்தால் பிள்ளைகள் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். நின்று பேசியவனை கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி போனில் படமெடுக்கிறான். மறுநாள் அவனுக்கு வேலை இல்லை. அதனால்தான் என்னைத் தேடி வந்திருக்கிறார்கள். நோட்டீஸ் வாங்குகிற கையைப் படம் பிடிக்கலாம். கேட்கிற காதைப் படம் பிடிக்க முடியாது அல்லவா?

எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது, பயமும் பிடித்துக்கொண்டது. நீட்டி முழக்கி ஒரு சாக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அப்பா, முதலில் நீங்கள் பேச வேண்டாம், அவன் குரலைப் போடுங்கள், அப்புறம் பேசுங்கள் என்று தன் போனை நீட்டிவிட்டார். பிள்ளை தினமும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்புவானாம். எல்லாம் அப்படியே இருந்தன. சரி, சத்தம் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமே என்று ஒயரை மாட்டிக் கடைக்குள்ளேயே ஒன்றைப் போட்டுப் பார்த்தோம்.

"யம்மா... நாந்தான். சாப்ட்டியா?"

இளசான, கொஞ்சம் கரகரப்பான குரல். கடையின் இருட்டு மூலையிலிருந்து ஒருவன் எழுந்து வந்து கேட்டது மாதிரி அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"சாப்ட்டேன்யா" என்றார் அந்த அம்மா.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் எங்களைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவும் இல்லை. சாதாரணமாக, போனில் பேசுகிறவர்களைப் போலத்தான் இருந்தார். அப்பா அடுத்ததைப் போடாமல் காத்திருந்தார். அம்மா பதில் சொல்லி முடித்த பிறகுதான் அவர் விரல் நகர்ந்தது. தினமும் இப்படித்தான் நடக்கிறது என்பது அந்தக் காத்திருப்பிலேயே தெரிந்துபோயிற்று. அடுத்ததிலும் அவன் சாப்ட்டியா என்றான். இவர் சாப்ட்டேன் என்றார். நான் யோசித்து வைத்திருந்த சாக்கு எந்தப் பக்கம் ஓடியது என்று தெரியவில்லை. நாளைக்கே போடலாம் என்று சொல்லிவிட்டேன்.

"போலீஸ் பர்மிசன் வாங்கணுமேண்ணே" என்று கடைசியாக ஒரு கிளையைப் பிடித்துப் பார்த்தேன்.

"வாங்கியாச்சு தம்பி. சட்டத்த மாத்துங்கன்னு நிக்கோம். நாமளே சட்டத்த மீறி நின்னா எப்படி?" என்று சட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். கிளையும் முறிந்தது.

மறுநாள் விடிகிற நேரம், நிறுத்தத்துக்கு எதிர்ப்புறம் ஆட்டோவை நிறுத்தினேன். முந்தைய நாளைவிடப் பனி அதிகம். ராத்திரி ஷிப்ட் முடித்து வெளியே வந்தவர்களும் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும் நிறுத்தத்தில் கூடியிருந்தார்கள். எல்லாரும் ஒரே சாம்பல் சட்டை. தூக்கத்தில் நிற்கிறார்களா, முழித்து நிற்கிறார்களா என்று சொல்ல முடியாது. யாரும் யாரோடும் பேசவில்லை. பனிக்குள் தலைகள் மட்டும் வரிசையாக, தோளுக்குக் கீழே ஒன்றுமே இல்லாததுபோலத் தெரிந்தன. என் பக்கத்தில் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த அம்மா நின்றார். தூரத்தில் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியின் டார்ச் ஒன்று அசைந்தது.

ஒரே ஒரு வாய்ஸைப் போட்டுவிட்டு நிறுத்த வேண்டும், உடனே நான் மைக்கில் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. ராத்திரியெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்து வைத்திருந்தேன். 'அன்பார்ந்த தொழிலாளத் தோழர்களே' என்று ஆரம்பம்.

அப்பா போனைத் தொட்டார்.

"யம்மா... நாந்தான். சாப்ட்டியா?"

இரண்டு ஹாரனிலும் அந்தக் குரல் சாலைக்குக் குறுக்கே போயிற்று. நிறுத்தத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. எங்கள் பக்கம் அல்ல. ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பினார்கள். குரல் எங்கிருந்து வருகிறது என்று பனியில் தெரியவில்லை. பின்னால், மேலே, சுவருக்கு உள்ளே என்று தேடினார்கள். ஒரு பெண் பிள்ளை பக்கத்திலிருந்தவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏய், இது அவன்டீ" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்போது வந்த ஒரு பஸ், வழக்கம்போல உருட்டிக்கொண்டே போகாமல் அப்படியே நின்றுவிட்டது. டிரைவர் என்ஜினை அணைத்தார். ஏன் அணைத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"சாப்ட்டேன்யா" என்றார் என் பக்கத்தில் நின்ற அம்மா, மெதுவாக.

இப்போது நான் பேச வேண்டும். மைக்கைத் தூக்கினேன். வாயைத் திறந்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் வரவில்லை. எலிச் சத்தம்கூட வரவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நாங்கள் இப்படி முழித்துக்கொண்டிருந்த நேரத்தில், நிறுத்த வேண்டிய போன் தானாக அடுத்த வாய்ஸுக்குப் போய்விட்டது.

அது கம்பெனிக்கு உள்ளேயிருந்து, டீ நேரத்தில், திருட்டுத்தனமாகச் சாக்ஸுக்குள் வைத்துக் கொண்டுபோன போனில் பேசியது. குரல் ரகசியமாக, சன்னமாகத்தான் இருந்தது. அவன் பேச்சைவிட அவனுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த மெஷின்களின் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. டம். சிறு இடைவெளி. டம். மறுபடி இடைவெளி. டம். ஹாரனில் அது பன்மடங்காகி, நிற்கிற தரையே இடிபடுவதுபோல இருந்தது.

அப்போது நான் பார்த்ததை இன்றுவரை என் மனைவி நம்பவில்லை. நிறுத்தத்தில் நின்றவர்களில் பலருடைய கைகள் அசைந்தன. இடுப்பளவில், இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றாக, ஒவ்வொரு டம்முக்கும் சற்றே கீழே இறங்கி மேலே வந்தன. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. முகங்கள் எல்லாம் பனியில் குரலைத் தேடிக்கொண்டிருந்தன. கைகள் மட்டும் தங்கள் பாட்டுக்கு மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தன. ராத்திரி முழுக்கச் செய்த வேலையைச் சத்தம் கேட்டதும் அவை மறுபடி செய்ய ஆரம்பித்துவிட்டன. உடம்புக்குச் சொல்லாமல் கை தனியாகப் போவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமலே இருங்கள்.

அந்த வரிசையின் கடைசியில் ஒருவன் மட்டும் வேறு மாதிரி இருந்தான். அவனுடைய வலது கை மட்டும்தான் கீழே தட்டியது. இடது கை முன்னால் போய், இல்லாத எதையோ வைத்துவிட்டு, டம் வருவதற்கு ஒரு மயிரிழைக்கு முன்னால் வெடுக்கென்று பின்னால் வந்தது. மறுபடியும் போனது. மறுபடியும் வந்தது. அந்தக் கை ஒவ்வொரு முறை போகும்போதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஏன் இவன் மட்டும் இப்படி என்று எனக்கு உறைப்பதற்குள், பக்கத்தில் நின்ற அம்மா சாலையைக் கடந்துகொண்டிருந்தார். மெஸ்ஸில் பரிமாறும்போது அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லையாம். முகத்தைப் பார்த்தால் பிள்ளை ஞாபகம் வந்துவிடும் என்று தட்டு நீட்டும் கைகளை மட்டுமே பார்த்துப் பழகிவிட்டார். எந்தக் கையில் நகம் இல்லை, எந்தக் கையில் விரல் நுனி இல்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனால் அன்றைக்கும் எனக்கு முன்னால் அவர் பார்த்துவிட்டார்.

அந்தப் பையன் இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். தலைக்கு மேலே செத்துப்போனவனின் குரல். எதிரே, பனிக்குள்ளிருந்து, செத்துப்போனவனின் சட்டை நடந்து வருகிறது. நானாக இருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன். அவன் ஓடவும் இல்லை, விழவும் இல்லை. அவன் கை மட்டும் நிற்காமல் போய் வந்துகொண்டிருந்தது.

அம்மா அந்த இடது கையை எட்டிப் பிடித்தார். பிடித்ததும் அது நின்றது.

"எய்யா, இந்தக் கை எங்க போவுது?"

அவன் குனிந்து தன் கையை, யாரோ விட்டுவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அப்பா போனை அணைத்துவிட்டார். அத்தனை பேரும் நிற்கும் அந்த நிறுத்தத்தில் அப்படி ஓர் அமைதி. அந்த அமைதியில்தான் அவன் பேசினான். காஞ்சிபுரம் பக்கத்துப் பையன்.

"எனுக்கும் கட்டித்தாம்மா வெச்சிருந்தாங்க. அதே மிஷினு. நான் நைட்டு, அவன் டே. நாங்க ட்ரெயினிங் வர்றதுக்கு மின்னாடியே டேப்பு சுத்தித்தான் கெடந்துச்சு. அவுத்தா லைன் சூப்பர்வைசர் சார் திட்டுவாரு. உம்புள்ள கட்டலமா."

அம்மா அவன் கையை விடவில்லை.

"அவன் கட்டலமா" என்று மறுபடியும் சொன்னான். இந்தத் தடவை கொஞ்சம் உரக்க. செக்யூரிட்டி டார்ச்சோடு ஓடி வந்து போனைத் தூக்கிப் படமெடுக்க ஆரம்பித்திருந்தான். பையன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அப்படியே நின்றான். "எட்த்துக்கோ, நல்லா எட்த்துக்கோ. மூஞ்சி தெரியுதா?" என்று செக்யூரிட்டியிடம் கேட்டான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பயந்துபோன சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு. அப்புறம் அவர்களும் நகர்ந்து வந்து அவன் பக்கத்தில் நின்றார்கள்.

விசாரணையில் அவன் போய்ச் சொன்னான். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு இன்னும் சிலர் போய்ச் சொன்னார்கள். பட்டனைக் கட்டியது இறந்தவர் அல்ல என்று அறிக்கையில் திருத்தி எழுதினார்கள். நிர்வாகத்தின்மேல் வழக்குப் பதிவாகி நடந்துகொண்டிருக்கிறது. சொன்ன பையனுக்கு அந்த வாரமே வேலை போயிற்று. கொஞ்ச நாள் என் கடையில் ஒயர் சுற்றினான். இப்போது குன்றத்தூர் பக்கம் ஒரு குடோனில் இருக்கிறான். அவர்கள் கேட்கிற சட்டம் இன்னும் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் ஊருக்குத் திரும்பவும் இல்லை. சேர்ந்திருக்கும் மற்றப் பெற்றோரோடு இன்றைக்கும் ஒவ்வொரு கம்பெனி நிறுத்தமாகப் போய் நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் ஆட்டோ அவர்களோடுதான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டுமே.

ஒரு விஷயம் மட்டும் இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்கு இரண்டாவதாக ஓடிய வாய்ஸ், வரிசைப்படி அடுத்து வர வேண்டியது இல்லை என்கிறார் அந்த அப்பா. அது பிள்ளை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அனுப்பியதாம். எங்கேயோ மேலே கிடந்ததாம். குளிரில் விறைத்த விரல் தெரியாமல் பட்டிருக்கும் அண்ணே என்று நான்தான் சமாதானம் சொன்னேன். அவரும் தலையாட்டினார். நான் சொன்னதை நாங்கள் இருவருமே நம்பவில்லை.

அறிக்கை திருத்தப்பட்ட மறுநாள் அந்த அம்மா கடைக்கு வந்தார். அதே நிறுத்தத்தில் ஒரே ஒரு வரி மட்டும் சொல்ல வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்றார். நீங்களே சொல்லுங்களேன் அக்கா என்றேன். என் குரல் ரோட்டுக்குப் பத்தாது தம்பி, நீங்க சொல்லுங்க என்றார். போனேன். அன்பார்ந்த தோழர்களே இல்லை, உறுமல் இல்லை, எக்கோ இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்து, பையனின் பேரைச் சொல்லி, அவன் பட்டனைக் கட்டவில்லை என்று மட்டும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு அந்தச் சட்டையைக் கழற்றி, மடித்து, மார்போடு அணைத்துக்கொண்டார்.

என் தொழிலில் நான் பேசிய வரிகளிலேயே மிகச் சின்னது அதுதான். இன்றும் மைக்கைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் தொண்டைக்கு வந்து நிற்கிறது. அதை விழுங்கிவிட்டுத்தான் தள்ளுபடி விற்பனையை அறிவிக்கிறேன்.